பீட்டில் எஞ்சினை வீட்டு ஷெட்டில் பிரித்து மாட்டியபோது

ஃபோக்ஸ்வேகன் பீட்டிலில் ரேடியேட்டர் கிடையாது. காற்றும் இரண்டரை லிட்டர் ஆயிலும்தான் எஞ்சினைக் குளிர்விக்கின்றன. மே மாத மதியம் அண்ணா சாலை சிக்னலில் நிற்கும்போது இரண்டில் ஒன்று குறைந்தாலும் எஞ்சின் தாங்காது. பிஸ்டனுக்கும் கிராங்குக்கும் தாராளமாகச் செலவு செய்பவர்கள்கூட எஞ்சினைச் சுற்றியிருக்கும் தகடுகளை எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். செய்த வேலை முழுவதும் வீணாவது அங்கேதான். நாங்கள் எடுத்தது 1600 சிசி எஞ்சின்: போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 85.5 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 69 மி.மீ.

இறக்குவதற்கு முன் ஒரு சோதனை. எஞ்சின் வண்டியில் இருக்கும்போதே கிராங்க் புல்லியை, அதாவது பெல்ட்டைச் சுற்றும் கீழ்ச் சக்கரத்தை, பிடித்து முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளிப் பாருங்கள். கைக்கு 'டக்' என்று தட்டினால் ஆட்டம் அதிகம். 0.07 முதல் 0.13 மி.மீ. வரை இருக்கலாம், 0.15 கடைசி எல்லை. அதைத் தாண்டினால் பெரும்பாலும் பேரிங் உட்காரும் இடத்தில் கேஸே (கிராங்கைத் தாங்கும் எஞ்சின் கூடு) தேய்ந்திருக்கும். பேரிங் இடங்களை ஒரே நேர்கோட்டில் கடைந்தெடுக்கும் லைன் போரிங் வேலை அது. வீட்டில் முடியாது, அம்பத்தூர் பக்கம் நல்ல பட்டறையாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

எஞ்சினை கியர்பாக்ஸோடு பிடித்திருப்பது நான்கே போல்ட், 17 ஸ்பானர் போதும். பேட்டரி வயரை முதலில் கழற்றி, பெட்ரோல் ஹோஸை அடைத்துவிட்டுத் தொடங்குங்கள். எஞ்சின் 100 கிலோவுக்கு மேல் இருக்கும். டிராலி ஜாக்கியில் தாங்கி, நேராகப் பின்னால் இழுத்து, கியர்பாக்ஸ் ஷாஃப்ட் கிளட்சைவிட்டு முழுதாக வெளியே வந்த பிறகுதான் இறக்க வேண்டும். பாதியில் எஞ்சின் அந்த ஷாஃப்ட்டில் தொங்கினால் கிளட்ச் பிளேட் வளைந்துவிடும்.

சிலிண்டர்களை மூடியிருக்கும் ஹெட்டைக் கழற்றியதும் வால்வு சீட்டுக்கும் பிளக் துளைக்கும் நடுவே விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். எக்ஸாஸ்ட் வால்வு பார்வைக்கு நன்றாக இருந்தாலும் புதிதாகத்தான் போட வேண்டும். சூட்டில் நீண்ட வால்வின் தலை ஓடும்போது முறிந்தால் பிஸ்டன், ஹெட் இரண்டும் போய்விடும். கேஸ் மெக்னீசியக் கலவை என்பதால் ஹெட் ஸ்டட் மரையோடு பிடுங்கிக்கொண்டு வருவது வழக்கமான தொல்லை. அதற்கு ஸ்டீல் இன்செர்ட் போடுவதுதான் சரியான தீர்வு. ஹெட் நட்டை முடுக்கும் அளவு 10 மி.மீ. ஸ்டட்டில் 32 நியூட்டன் மீட்டர், 8 மி.மீ. ஸ்டட்டில் 25. கூடுதலாக முடுக்குவதால் ஒழுகல் நிற்காது, மரைதான் போகும். இன்னொன்று, மெஷின் செய்து வந்த சிலிண்டரை ஒரு இரவு சும்மா வைத்தால்கூட நம் ஊர்க் காற்றில் துரு பூத்துவிடும். வந்த உடனே ஆயில் தடவி பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள்.

கேஸின் இரு பாதிகளுக்கும் நடுவே கேஸ்கெட் இல்லை. மெல்லிய பூச்சாக சீலன்ட் மட்டும் தடவ வேண்டும். சிலிகானைக் கெட்டியாக அப்பினால், உள்ளே பிதுங்கிய துணுக்கு ஆயில் வழியை அடைக்கும்.

அவசரமே கூடாத வேலை ஃபிளைவீல் ஷிம், அதாவது கிராங்கின் முன்பின் ஆட்டத்தைச் சரிசெய்யும் மெல்லிய வளையம். எப்போதும் மூன்று ஷிம்தான். முதலில் ஆயில் சீல் போடாமல் இரண்டு ஷிம் மட்டும் வைத்து ஃபிளைவீலை முடுக்கி, டயல் கேஜில் ஆட்டத்தை அளக்க வேண்டும். எங்களுக்கு வந்தது 0.44. அதில் 0.10 கழித்தால் 0.34, அதுதான் மூன்றாவது ஷிம்மின் கனம். பிறகு சீலும் மூன்று ஷிம்மும் போட்டுத் திரும்ப அளந்து பாருங்கள். நடுவில் இருக்கும் 36 மி.மீ. நட்டுக்கு 30 கிலோகிராம் மீட்டர் வேண்டும். அவ்வளவு பெரிய டார்க் ரெஞ்ச் இல்லையென்றால், படுக்கை வாட்டமாக வைத்த கம்பியில் 70 கிலோ ஆள் நட்டிலிருந்து 43 செ.மீ. தள்ளித் தன் முழு எடையைக் கொடுத்தால் கணக்கு சரியாக வரும்.

வால்வைத் தள்ளும் கம்பிகள் போகும் புஷ்ராட் டியூப்களை மாட்டும் முன் இரு முனை மடிப்புகளுக்கும் இடையே 190 முதல் 191 மி.மீ. வரும்படி மெதுவாக இழுத்துவிடுங்கள். ஒட்டுத் தையல் மேல்பக்கம் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் விட்டால் தரையில் ஆயில் சொட்டுவது நிற்காது.

இனி தகடுகள். ஃபேன் கூட்டைத் திறந்தபோது ஆயில் கூலர் மேல் எலிக்கூடு. தேங்காய் நார், வயர் தோல், காய்ந்த வேப்பிலை எல்லாம் ஒரு கைப்பிடி. நெடுநாள் நின்ற வண்டியில் இதைப் பார்க்காமல் ஸ்டார்ட் செய்யவே கூடாது. 1970 வரையிலான அமைப்பில் கூலர் மூன்றாம் சிலிண்டருக்குப் போகும் காற்றில் நிற்பதால், அந்தச் சிலிண்டருக்கு ஏற்கெனவே சூடான காற்றுதான் கிடைக்கும். கூலர் அடைத்தால் முதலில் போவது அதுதான். ஹெட் துடுப்புகளுக்கு இடையே வார்ப்பின்போதே தங்கிய உலோகச் சவ்வு இருந்தால் மெல்லிய அரத்தால் திறந்துவிடுங்கள். சிலிண்டருக்கு அடியில் இருக்கும் வளைதகடுகள் பல வண்டிகளில் காணாமல் போயிருக்கும். அவை இல்லையென்றால் காற்று சிலிண்டரின் கீழ்ப்பாதியைத் தொடாமலே போய்விடும். எஞ்சின் அறையைச் சுற்றி ஓடும் ரப்பர், பிளக் வயர் ரப்பர் இரண்டும் புதிது. அவை கிழிந்திருந்தால் கீழே போன வெப்பக் காற்றையே ஃபேன் திரும்ப உறிஞ்சும். தெர்மோஸ்டாட் கெட்டாலும், குளிர்காற்றின் வழியைத் திறந்து மூடும் இதழ்களை ஸ்பிரிங் திறந்தே வைக்கும். இதழ் துருப்பிடித்துப் பாதியில் சிக்குவதுதான் ஆபத்து, ஆகவே கையால் முழுதும் ஆட்டிப் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

பெட்ரோல் ஹோஸ் எல்லாமே மாற்ற வேண்டும். இப்போது பங்கில் வருவது எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பர் அதற்குத் தாங்காது. கார்புரேட்டருக்குள் பெட்ரோல் நுழையும் பித்தளைக் குழாயை விரலால் ஆட்டிப் பாருங்கள். அது கழன்றால் பெட்ரோல் சூடான எஞ்சின் மேலேயே கொட்டும். இந்த வண்டிகள் தீப்பிடிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

டிஸ்ட்ரிபியூட்டரில் இருக்கும் பிளாட்டினம் பாயின்ட் இடைவெளி 0.4, வால்வு இடைவெளி 0.15 மி.மீ. வால்வை எஞ்சின் முழுதும் ஆறியிருக்கும்போது, காலையில்தான் வைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே வால்வின் இடைவெளி குறைந்துகொண்டே வந்தால் அந்த வால்வு நீள்கிறது அல்லது சீட்டில் இறங்குகிறது என்று அர்த்தம். திரும்பத் திரும்ப சரிசெய்து ஓட்டாமல் ஹெட்டை இறக்குங்கள்.

ஆயில் 20டபிள்யூ-50. பிளக் இல்லாமல் ஸ்டார்ட்டரில் சுற்றி, ஆயில் விளக்கு அணைந்த பிறகே பிளக் மாட்டவும். கேம்ஷாஃப்ட் புதிதானால் முதல் 20 நிமிடம் 2,000 சுற்றுக்குக் குறையாமல் ஓட வேண்டும். ஆயில் ஃபில்டர் இல்லாத எஞ்சின் என்பதால் 500 கி.மீ.யில் முதல் ஆயிலை வடித்து, அடியிலுள்ள வலையைக் கழுவுங்கள். அதன் ஆறு சிறு நட்டுகளுக்கு 7 நியூட்டன் மீட்டர் போதும்.

ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் ஒன்றரை செ.மீ. இறங்க வேண்டும். புல்லியின் இரு தட்டுகளுக்கும் நடுவிலிருந்து ஒரு வாஷரை எடுத்து வெளிப்பக்கம் மாற்றினால் பெல்ட் இறுகும். டைனமோவையும் ஃபேனையும் சுற்றுவது இந்த ஒரே பெல்ட். சார்ஜ் விளக்கு சிவப்பாக எரிந்தால் கத்திப்பாரா மேம்பாலத்தின் மேலே இருந்தாலும் ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள். முன் டிக்கியில் ஒரு பெல்ட்டும் 21 ஸ்பானரும் ஒரு தட்டை ஸ்க்ரூடிரைவரும் இருந்தால் பத்து நிமிட வேலை.