கச்சான் காற்றுக் காலத்தில் வால்வு பாடி சேர்த்த அனுபவம்

மாமாவின் பழைய நான்கு கியர் ஆட்டோமேட்டிக் காரில், இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது இன்ஜின் ஒரு கணம் வெறுமனே இரைந்துவிட்டுத்தான் கியர் விழும். வண்டி சூடேறினால் இன்னும் மோசம். ஆயில் பேனைக் கழற்றிப் பார்த்தேன். காந்தத்தில் மெல்லிய சாம்பல் நிறச் சேறுதான் இருந்தது, உலோகச் செதில் இல்லை. ஆயிலில் தீய்ந்த வாடையும் இல்லை. கிளட்ச் தட்டுகள் பிழைத்திருக்கின்றன என்று முடிவுசெய்து, கியர் பாக்ஸை இறக்காமல் வால்வு பாடியை மட்டும் கீழிருந்து கழற்றினேன். பிரித்துக் கழுவுவது பொறுமை இருந்தால் போதும். திரும்பச் சேர்ப்பதுதான் விஷயம்.

எந்த கிளட்சுக்கு எப்போது ஆயில் அழுத்தம் போக வேண்டும் என்பதை நடத்துவது இந்த அலுமினியக் கட்டிதான். 1939-இல் ஜெனரல் மோட்டார்ஸ் கொண்டுவந்த ஹைட்ராமேட்டிக்கில் கியர் மாற்றும் முடிவையே ஆயில் அழுத்தம்தான் எடுத்தது. எங்கள் வண்டியில் முடிவு கம்ப்யூட்டருடையது, மின்சாரத்தில் திறந்து மூடும் குட்டி வால்வான சோலனாய்டு அதைக் கேட்கிறது. ஆனாலும் கிளட்சை அமுக்குவது இன்றைக்கும் ஆயில்தான். துளைக்கும் அதற்குள் ஓடும் வால்வுக்கும் இடைவெளி மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு. ராமநாதபுரம் பக்கத்து உச்சிப்புளியில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் சோற்றிலேயே மணல் கடிபடும். அதனால் காற்று எழும்புமுன் விடியற்காலையில், சன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

உப்புக் காற்றையும் கணக்கில் வைக்க வேண்டும். பெட்ரோலில் கழுவிய ஸ்பிரிங்கையும் எஃகு பந்துகளையும் அப்படியே விட்டால் இந்தக் கரையில் சீக்கிரமே பழுப்பேறிவிடும். கழுவி, காற்றடித்து, உடனே ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்கான ஆயில்) ஊற்றிய டிரேயில் போட்டுவிட வேண்டும்.

பக்கத்து ஊரான மண்டபத்தில் விசைப்படகுகளின் டீசல் பம்பு பார்க்கிற காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை இப்படித்தான் அழைப்போம்) ஒருவர் இருக்கிறார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், எல்லாப் படகுக்கும் வேலை நடக்கும், அவரைப் பிடிக்கவே முடியாது. படகுகள் கடலுக்குப் போன பிறகு வந்தார். ஆட்டோமேட்டிக்கைத் தொட்டதில்லை என்றார், ஆனால் டீசல் பம்பில் இதேபோல நெருக்கமாக ஓடும் பிளஞ்சரும் பேரலுமாகவே வாழ்ந்தவர். வந்ததும் சொன்னது: "தம்பி, துணியக் கிட்டயே கொண்டு வராத. ஒத்த நூல் போதும், வால்வு நின்னுபோகும்."

ஒவ்வொரு வால்வையும் ஆயிலில் நனைத்துத் துளையில் விட்டு, பாடியை நிமிர்த்தினால் தன் கனத்திலேயே வழுக்கி இறங்க வேண்டும். 2-3 ஷிஃப்ட் வால்வு மட்டும் பாதியில் நின்றது. கோளாறு அங்கேதான். லென்ஸில் பார்த்தால் துளைக்குள் பழுப்புப் படிவம். மெல்லிய எமரி தாளை ஏ.டி.எஃப்.பில் ஊறவைத்து, சுருட்டித் துளைக்குள் விட்டு மெதுவாகத் திருப்பினேன். வால்வின் விளிம்பைத் தேய்க்கக் கூடாது என்று காக்கா தடுத்தார். விளிம்பு கூராக இருந்தால்தான் தூசியை வெட்டித் தள்ளும், மழுங்கினால் தூசி இடுக்கில் ஏறிச் சிக்கும். பிறகு எல்லாவற்றையும் மறுபடி கழுவினோம். இப்போது வால்வு தங்கு தடையின்றி இறங்கியது.

அடுத்தது செக் பால்கள், ஆயிலை ஒரு பக்கமாக மட்டும் விடும் எஃகு பந்துகள். வால்வு பாடியின் இரண்டு பாதியிலும் பந்துகள் உண்டு, நடுவில் இரண்டையும் பிரிக்கும் துளைத் தகடு, செப்பரேட்டர் பிளேட். ஒரு பாதியைக் கவிழ்த்துத்தான் மற்றதன்மேல் வைக்க முடியும், கவிழ்க்கும்போது பந்து உருண்டால் வேறு குழிக்குள் போய்விடும். மேனுவல் படத்தைப் பார்த்துப் பந்தைக் குழியில் வைத்து, துளி வாஸ்லின் தடவினேன். கிரீஸ் ஆகாது. வாஸ்லின் சூடான ஆயிலில் கரைந்துவிடும், கிரீஸ் ஊசித்துளைகளை அடைத்து நிற்கும். கேஸ்கெட்டும் மேலுக்கு வேறு, கீழுக்கு வேறு. பிளேட்டோடு வைத்து ஒவ்வொரு துளையும் ஒத்துவருகிறதா என்று பார்த்தே போட்டேன். "மாமா, நல்லா அமுக்கிப் பிடிங்க, நான் சொல்ற வரைக்கும் விடாதீங்க" என்று சொல்லி, பிளேட்டை மேல் பாதியோடு அழுத்திப் பிடித்தபடியே இருவருமாகத் திருப்பிக் கீழ்ப்பாதியில் இறக்கினோம். எனக்கு மிகவும் பிடித்த நொடி அது.

போல்ட்டுகள் நீளம் வேறு வேறு. அட்டையில் படம் வரைந்து அந்தந்த இடத்தில் குத்தி வைத்திருந்தேன். எல்லாவற்றையும் முதலில் கையால் திருகி, பிறகு நடுவிலிருந்து வெளியே, சுற்றுச் சுற்றாக 10 நியூட்டன் மீட்டர் வரை. ஒரு ஓரத்தில் இறுக்கினால் பாடி நெளிந்து, சுத்தமான வால்வும் பிடித்துக்கொள்ளும். இறுக்கியபின், வெளியிலிருந்து எட்டுகிற வால்வுகளை மரக்குச்சியால் தள்ளிப் பார்த்தேன். ஸ்பிரிங் அவற்றைத் திருப்பி அனுப்பியது. ஷிஃப்ட் சோலனாய்டுகள் 11 முதல் 15 ஓமுக்குள் காட்டின, 12 வோல்ட் கொடுத்தால் 'டிக்' என்றன.

காரில் ஏற்றும்போது, கியர் கம்பியால் நகரும் மேனுவல் வால்வின் முனை லீவரின் ஊசியில் மாட்டியிருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். மாட்டாவிட்டால் கியர் கம்பி அசையும், வால்வு அசையாது. ஆயில் ஊற்றி, கேஜ் மாட்டி, டி-யில் ஐட்லிங் விட்டால் 4 கிலோ அழுத்தம், மேனுவல் சொன்ன எல்லைக்குள்.

உச்சிப்புளியிலிருந்து பாம்பன் பாலம் வரை ஓட்டித் திரும்பினோம். நன்றாகச் சூடான பிறகும் மூன்றாவது கியர் இரைச்சலில்லாமல் விழுகிறது. கொஞ்ச நாள் ஓடட்டும். பிறகு பேனை மறுபடி இறக்கி, ஃபில்டரை மாற்றி, காந்தத்தில் என்ன ஒட்டியிருக்கிறது என்று பார்க்கப் போகிறேன்.