ஐபி ஃபோன் ஃபர்ம்வேர்: அரை நாள் வேலை இரண்டு நாள் இழுத்த கதை

24 ஐபி ஃபோன்களுக்கு (நெட்வொர்க் வழியாகப் பேசும் அலுவலக ஃபோன்கள்) புது ஃபர்ம்வேரும் (ஃபோனை இயக்கும் உள் மென்பொருள்) கான்ஃபிக் ஃபைலும் (அதன் அமைப்புகள் உள்ள ஃபைல்) ஏற்றி ஒருவழியாக முடிந்தது. ஃபோன்கள் ஃபைலை இறக்கிக்கொள்ளும் டிஎஃப்டிபி சர்வரை நிறுவி, அவற்றுக்கு நெட்வொர்க் முகவரி வழங்கும் டிஹெச்சிபியில் ஆப்ஷன் 66, 150 இரண்டிலும் அந்த சர்வரின் முகவரியைக் கொடுத்தது பத்து நிமிட வேலை. வம்பெல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதல் ஃபோன் ரீபூட் ஆகி, பழைய கான்ஃபிக்கோடே திரும்ப வந்தது. திரையில் பிழைச் செய்தி எதுவும் இல்லை. சர்வர் லாகைத் திறந்தால் கோரிக்கை வந்திருக்கிறது, ஃபைல் போகவில்லை. ஃபயர்வாலில் யுடிபி 69 என்ற போர்ட் மட்டும் திறந்திருந்ததுதான் காரணம். 69-க்கு வருவது முதல் கோரிக்கை மட்டுமே. சர்வர் வேறொரு போர்ட்டிலிருந்து பதில் சொல்லும், மீதிப் பரிமாற்றம் முழுக்க அதில்தான் நடக்கும். அந்த வேறு போர்ட்டைக் கவனித்துத் தானாக வழிவிடும் டிஎஃப்டிபி ஹெல்ப்பரை ஃபயர்வாலில் இயக்கியதும் வழி கிடைத்தது.

அடுத்து, 'ஃபைல் இல்லை' என்று லாக். ஃபோல்டரில் கண்ணெதிரே கிடக்கிறது! கான்ஃபிக் ஃபைலின் பெயரில் வரும் மேக் முகவரியை (ஒவ்வொரு ஃபோனுக்கும் உரிய வன்பொருள் முகவரி) ஃபோன் பெரிய எழுத்தில் கேட்கிறது, ஃபைலுக்கு வைத்த பெயரோ சின்ன எழுத்தில். சர்வர் ஓடும் லினக்ஸுக்கு இரண்டும் வேறு வேறு. சிஸ்கோ ஃபோன்களுக்குப் பெரிய எழுத்து, யீலிங்க் ஃபோன்களுக்குச் சின்ன எழுத்து என்று ஆளுக்கொரு வழக்கம். கையேட்டைப் புரட்டாதீர்கள், லாகில் ஃபோன் கேட்டிருக்கும் பெயரை அப்படியே காப்பி செய்து வையுங்கள்.

மூன்று ஃபோன்கள் மட்டும் தொலைபேசி சர்வரில் ரிஜிஸ்டர் ஆக மறுத்தன. மூன்றின் பாஸ்வேர்டிலும் & குறி. கான்ஃபிக் ஃபைல் எழுதப்படும் எக்ஸ்எம்எல் வடிவத்தில் அதைத் தப்பிப்புக் குறியீடாக (& என்று) எழுதாவிட்டால் ஃபைலே செல்லாது. ஃபோன் சத்தமில்லாமல் மொத்தத்தையும் ஒதுக்கிவிடும். சர்வரில் போடும் முன் ஒரு பிரவுசரில் திறந்து பாருங்கள், எந்த வரியில் தவறு என்று அது சொல்லிவிடும்.

மிகப் பழைய ஃபர்ம்வேரிலிருந்து நேராகக் கடைசிப் பதிப்புக்குத் தாவ முடியாத மாடல்களும் உண்டு. இடையில் ஒரு பதிப்பை ஏற்றித்தான் போக வேண்டும். வெளியீட்டுக் குறிப்பில் அது எங்கோ ஒரு மூலையில் ஒற்றை வரியாக இருக்கும்.

உண்மையில் பயமுறுத்தியது விபிஎன் (இணையம் வழியான தனியார் இணைப்பு) வழியாக இணைந்திருந்த கிளை அலுவலக ஃபோன். டிஎஃப்டிபி 512 பைட் அனுப்பிவிட்டு, கிடைத்தது என்ற பதில் வந்த பிறகே அடுத்த 512-ஐ அனுப்பும். 10 எம்பி ஃபைல் என்றால் 20,480 துண்டுகள். போய்வர 100 மில்லிசெகண்ட் ஆகும் இணைப்பில் கணக்குப் போட்டால் 34 நிமிடம்! அவ்வளவு நேரம் திரை அசையாமல் நின்றால் யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்? கேபிளைப் பிடுங்கிவிட்டார்கள். நல்லவேளை, ஃபைல் இறங்கிக்கொண்டுதான் இருந்தது; ஃபிளாஷில் (ஃபோனின் நிரந்தர நினைவகம்) எழுதும்போது பிடுங்கியிருந்தால் ஃபோன் எழுந்தே இருக்காது. நெட்வொர்க் கேபிள் வழியாகவே ஃபோனுக்கு மின்சாரம் தரும் பிஓஇ ஸ்விட்சை அந்த நேரத்தில் ரீபூட் செய்தாலும் இதே கதிதான்.

கிளையிலிருந்த ஒரு பழைய கணினியிலேயே டிஎஃப்டிபி சர்வரை ஓட்டி, அங்கத்திய டிஹெச்சிபி ஆப்ஷனை அதற்குத் திருப்பினோம். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, ஃபைல் இறங்கிவிட்டது.