பல்கனி மிளகாய்: போன சிறுபோகக் கொப்பியும் இந்தப் பெரும்போகமும்

போன சிறுபோகத்தில் (தென்மேல் பருவமழைப் பயிர்க்காலத்தில்) வைத்த எம்.ஐ. 2 என்ற மிளகாய் இனக் கன்றுகளின் குறிப்பை விரித்து வைத்துக்கொண்டே இந்தமுறை மண் கலந்தது.

முதலில் மாற்றியது மாதம். மே மாதம் பையில் வைத்த கன்றுகள் பூக்கும் நேரம் தென்மேல் பருவமழையில் அகப்பட்டன. கொழும்பு வெள்ளவத்தைக் கரையோரத்தில் அந்தக் காற்று உப்பையும் கொண்டுவரும்; இலை ஓரம் கருகும், பூ கொட்டும், பழுக்கிற காயில் கருவட்டம் விழும். ஒக்டோபரிலும் நவம்பரிலும் அடைமழைதான். அதனால் இம்முறை நவம்பர் நடுவில் கூரைக்குக் கீழே நாற்று, டிசம்பர் கடைசியில் பைக்கு மாற்றல், பெப்ரவரி வெயிலில் பூ.

போனமுறை அடி இலை நுனி கருகியதற்குக் காரணம் தென்னந்தும்புத்தூளில் இருந்த உப்பு. தும்புத்தூள் கட்டியை வாளியில் ஊறவைத்துப் பிழிந்து, தேயிலைச் சாயம் போன்ற நிறம் வெளுக்கும்வரை தண்ணீர் மாற்ற வேண்டும். மூன்று தடவையாவது ஆகும். பிறகு தும்புத்தூள் இரண்டு பங்கு, கூட்டெரு ஒரு பங்கு, மண் ஒரு பங்கு.

கொப்பியில் மிகவும் பெறுமதியான பக்கம் வாடல் பற்றியது. இலை பச்சையாக இருக்கும்போதே கன்று திடீரென்று சாய்ந்தால் அடித்தண்டை வெட்டி, வெட்டுவாய் தண்ணீரில் படும்படி கண்ணாடிக் குவளையில் தொங்கவிட்டுப் பாருங்கள். சில நிமிடங்களில் பால் நூல் போல இறங்கினால் அது பக்டீரியா வாடல். அந்த மண்ணில் மிளகாய் மட்டுமல்ல, தக்காளி, கத்தரியும் வைக்கக்கூடாது. மண்ணை மற்றப் பைகளில் கலக்கவே வேண்டாம், கத்தியையும் கழுவிவிடுங்கள். நூல் இறங்காவிட்டால் பெரும்பாலும் வேரழுகல்: பையின் அடியில் துளை போதாது, அல்லது தண்ணீர் கூடிவிட்டது.

“இலை சுருண்டது” என்று மட்டும் எழுதிய குறிப்பால் பயனில்லை. எந்தப் பக்கம் சுருண்டது என்பதே முக்கியம். மேல்நோக்கிப் படகுபோல் மடிந்தால் பனிப்பூச்சி (திரிப்ஸ்). கீழ்நோக்கிக் கவிழ்ந்து காம்பு நீண்டால் சிற்றுண்ணி. முதலாவதற்கு லீற்றருக்கு 5 மில்லிலீற்றர் வேப்பெண்ணெய், சில துளி சவர்க்காரத் திரவம், மாலையில், இலையின் அடிப்பக்கத்தில். சிற்றுண்ணிக்கு நனையும் கந்தகத்தூள், பொதியில் சொன்ன அளவில். இரண்டுக்கும் இடையே இரண்டு வாரமாவது விட வேண்டும். எண்ணெய் இலையில் தங்கியிருக்கும்போது கந்தகம் பட்டால் இலை வெந்துவிடும்.

மொட்டு வந்ததும் யூரியா நிறுத்தம். போனமுறை இலைதான் தழைத்தது.

இப்போது காய் பிடிக்கிறது. மேற்குச் சுவரோரப் பைகளில் மட்டும் காய் நுனி கறுக்கிறது. அந்தப் பைகள் பிற்பகல் வெயிலில் காய்ந்து, மாலையில் ஒரேயடியாக நனைகின்றன. ஈரம் இப்படி ஏறி இறங்கினால் கல்சியம் காய்க்குப் போய்ச் சேராது. காலை, மாலை என்று தண்ணீரைப் பிரித்து, மேலே தென்னந்தும்பு மூடியிருக்கிறது. இது பலித்ததா என்ற வரியை, அடுத்துப் பிடிக்கும் காய்களைப் பார்த்துத்தான் கொப்பியில் எழுத வேண்டும்.