கதிரைக் கொம்பனியின் இசைத்தட்டுகள்

எங்கள் ஹொஸ்டலில் பாட்டுக்குப் பஞ்சமில்லை, இலங்கை வானொலி இருந்தது. ஆனால் அமெரிக்காவின் தெற்கில் கறுப்பின மக்கள் பாடிய ப்ளூஸ் என்று ஒன்று இருப்பது எனக்குத் தெரியவந்தது இங்கிலிஸ் படிப்பித்த சேரின் வீட்டு விறாந்தையில்தான். பெயரைப் போடவில்லை, எங்கள் வகுப்புக்காரருக்கு ஆளைத் தெரியும். லண்டனில் கொஞ்சக்காலம் இருந்துவிட்டு வந்தவர், வரும்போது ஒரு பிளேயரும், நிறைய நேரம் ஓடுகிற சில எல்பி தட்டுகளும் கொண்டுவந்திருந்தார். சனிக்கிழமைப் பின்னேரங்களில் கட்டுரைக் கொப்பி கொடுக்கிற சாட்டில் நாலைந்து பொடியன்கள் அங்கே போய்க் குந்தியிருப்போம். அந்தத் தட்டுகளில் ஒன்று ரொபேர்ட் ஜோன்சன் என்ற மிசிசிப்பிப் பாடகருடையது, 1961 இல் கொலம்பியா வெளியிட்டது, 16 பாட்டு. அட்டையில் ஆளின் படம் இல்லை. கதிரையில் இருந்து கிற்றார் வாசிக்கிற ஒருவரை மேலேயிருந்து பார்ப்பதுபோல ஓர் ஓவியம், முகம் தெரியாது. முகத்தைப் போட அவர்களிடமே அப்போது படம் இருக்கவில்லை. அவருடைய புகைப்படம் ஒன்று அச்சில் வந்தது 1986 இல்தான்.

"ஏன் சேர் எல்லாப் பாட்டும் சட்டென்று முடிஞ்சு போகுது?" என்று எங்களில் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. இந்தப் பாட்டுகள் முதலில் வந்தது எல்பியில் அல்ல, நிமிடத்துக்கு 78 தரம் சுற்றுகிற 10 அங்குல அரக்குத் தட்டில். ஒரு பக்கம் மூன்று நிமிடம் சொச்சம்தான் பிடிக்கும். அவர்களுடைய ஊரில் ராத்திரி நடனத்துக்கு ஒரே பாட்டை எவ்வளவு நேரம் இழுத்தாலும் ஒலிப்பதிவில் அதற்குள் முடித்தாக வேண்டும். அந்த அரக்கில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து கப்பலேறியது, சோட்டா நாக்பூர்ப் பக்கத்துக் காடுகளில் மரக்கிளையிலிருந்து சுரண்டி எடுத்தது. கே.பி. சுந்தராம்பாள் பாடிய தட்டும் மிசிசிப்பிப் பாடகர் பாடிய தட்டும் ஒரே சரக்கு என்று சேர் சொன்னபோது நாங்கள் நம்பவில்லை.

சேருக்கு மிகவும் பிடித்தது, ஜோன்சன் நாற்சந்தியில் சாத்தானுக்கு ஆத்மாவை விற்றுக் கிற்றார் படித்த கதை. குரலைத் தாழ்த்தி வடிவாகச் சொல்லுவார். எனக்கு இப்போது அந்தக் கதையில் எரிச்சல்தான் வருகிறது. முதலில் அது டொமி ஜோன்சன் என்ற வேறொரு பாடகரைப் பற்றி அவருடைய தமையன் சொன்ன கதை. ரொபேர்ட்டுக்கு ஐக் ஸிம்மர்மன் என்றொருவர் சொல்லிக்கொடுத்தார். இவரும் இருந்து பழகினார், அவ்வளவுதான். 1936 இல் சான் அன்ரோனியோவில் ஒரு ஹோட்டல் அறையிலும் 1937 இல் டலஸிலுமாக 29 பாட்டுப் பாடிப் பதிந்துவிட்டு அடுத்த வருசம் ஓகஸ்டில் 27 வயதில் செத்துப்போன மனிதரின் உழைப்பை எதற்குச் சாத்தானுக்குக் கொடுக்க வேண்டும்?

கனடாவுக்கு வந்து கையில் நாலு காசு புழங்கத் தொடங்கிய பிறகு ரொறன்ரோவின் பழைய தட்டுக் கடைகளுக்குப் போகிற பழக்கம் பிடித்துக்கொண்டது. (மனுசி இதை வருத்தம் என்றுதான் சொல்லுவா.) அங்கேதான் பரமவுண்ட் கதை தெரியவந்தது. சினிமாக் கொம்பனி இல்லை, இது வேறு. விஸ்கொன்சின் மாநிலத்தில் மிச்சிகன் ஏரிக்கரையில் போர்ட் வாஷிங்டன் என்ற ஊரில் கதிரை செய்கிற கொம்பனி ஒன்று இருந்தது. அவர்கள் கிராமபோன் பெட்டியும் செய்தார்கள், பெட்டி விற்க வேண்டும் என்பதற்காகத் தட்டும் போட்டார்கள். 1920 இல் மேமி ஸ்மித் என்ற கறுப்பினப் பாடகியின் தட்டு ஓகே கொம்பனிக்குப் பணத்தைக் கொட்டியதைப் பார்த்ததும் கறுப்பின மக்களுக்கென்றே தனி வரிசை தொடங்கினார்கள். இசையில் பற்று ஒன்றும் இல்லை, வியாபாரம்தான். ஆனால் மா ரெயினி, பிளைண்ட் லெமன் ஜெபர்சன், சார்லி பற்றன், சன் ஹவுஸ், ஸ்கிப் ஜேம்ஸ் என்று பெரிய ப்ளூஸ்காரர் எல்லாரையும் பதிந்தது இந்தக் கதிரைக்காரர்தான். 1930 இல் பற்றனும் சன் ஹவுஸும் வில்லி பிறவுணும் பியானோ வாசிக்கிற லூயிஸ் ஜோன்சன் என்ற பெண்ணும் ஒரே காரில் தெற்கிலிருந்து அவ்வளவு தூரம் ஏறிப்போய், பக்கத்து ஊரான கிராப்டனில் பாடினார்கள்.

செலவைக் குறைக்க மட்டமான சரக்கில் தட்டு அடித்ததால் புதிதாக வாங்கும்போதே கரகரக்கும். 1932 இல் பொருளாதார மந்தத்தில் ஒலிப்பதிவை நிறுத்தினார்கள், பிறகு தட்டு அடிக்கிற அச்சான மூல உலோகத் தகடுகள் பழைய இரும்பு விலைக்குப் போயின. மிஞ்சிய தட்டுகளை வேலையாட்கள் மில்வோக்கி ஆற்றில் எறிந்து விளையாடினார்கள் என்றும் ஒரு கதை உண்டு.

தகடு போய்விட்டதால் மிஞ்சியது, வாங்கிய சனம் வீட்டில் வைத்திருந்த தட்டுகள் மட்டும். அதுவும் ஆணி மாதிரி ஊசியில் தேயத்தேயப் போட்டவை. அறுபதுகளில் கேல் டீன் வார்ட்லோ போன்ற தட்டுச் சேகரிப்பாளர்கள் மிசிசிப்பியில் வீடுவீடாகக் கதவு தட்டிப் பழைய தட்டு இருக்கிறதா என்று கேட்டுத் திரிந்தார்கள். வெள்ளைக்காரப் பொடியன்கள் சில்லறைக் காசுக்கு வாங்கிய தட்டுகள் இப்போது ஆயிரக்கணக்கான டொலர் போகின்றன, அது எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அவர்கள் போயிராவிட்டால் இன்று ஒன்றுமே இருந்திராது. வில்லி பிறவுண் பாடிய ஒரு பரமவுண்ட் தட்டில் இன்றுவரை ஒரு பிரதிகூட அகப்படவில்லை.

ஆளையே தட்டிலிருந்து கண்டுபிடித்ததும் உண்டு. மிசிசிப்பி ஜோன் ஹேர்ட் 1928 இல் பதிந்த பாட்டொன்றில் அவலோன் என் சொந்த ஊர் என்று பாடியிருந்தார். பழைய வரைபடத்தில் அந்த ஊரைத் தேடிப் பிடித்து 1963 இல் போனார்கள், மனுசன் அங்கேயே தோட்டம் துரவோடு இருந்தார். 1966 இல் சாகும்வரை மேடை மேடையாகப் பாடினார்.

என்னிடம் இருக்கிறவை பெரும்பாலும் அந்தத் தேய்ந்த தட்டுகளிலிருந்து பிரதி எடுத்து வினைல் எல்பியாக மறுபடி வந்தவை. 1960 இல் ஒறிஜின் ஜாஸ் லைப்ரரி என்ற சின்ன நிறுவனம் முதல் வெளியீடாகப் போட்டதே பற்றனைத்தான். இந்த எல்பிகளில் ஒரு வினோதம் இருக்கிறது. தட்டு புத்தம் புதுசு, கையால் தடவினால் ஒரு கீறல் இல்லை. ஊசியை வைத்தால் கரகரவென்று மழை கொட்டும், இடையில் ஒரே சீராக டொக் டொக் என்று ஒரு வெடிப்பு. யாரோ ஒரு குடும்பம் தொண்ணூறு வருசத்துக்கு முந்தித் தங்கள் வீட்டில் போட்டுப் போட்டுத் தேய்த்த தேய்வு அது. எந்த இடத்தில் அதிகம் தேய்ந்திருக்கிறதோ அந்த இடம் அவர்களுக்குப் பிடித்த பாட்டு என்று வைத்துக்கொள்ளலாம். இப்போது கணினியில் இரைச்சலை முழுக்கத் துடைத்துத் தருகிறார்கள், எனக்குப் பிடிக்கவில்லை, இரைச்சலோடு சேர்த்துக் குரலின் ஓரத்தையும் வழித்துவிடுகிறார்கள்.

பற்றன் மிசிசிப்பி ஆற்றின் 1927 வெள்ளத்தைப் பற்றி இரண்டு பக்கத்துக்குப் பாடியிருக்கிறார். குரல் சரளைக்கல், பாதி வசனம் பிடிபடாது, கிற்றார்க் கட்டையில் கையால் அறைகிற சத்தம் கேட்கும், நடுவில் தனக்குத்தானே ஏதோ பேசிக்கொள்வார். கிரீன்வில், லீலண்ட், ரோஸ்டேல், விக்ஸ்பேர்க் என்று தண்ணீர் ஏறிய ஊரும், போக நினைக்கிற ஊரும் ஒவ்வொன்றாக வரும். 1995 இல் யாழ்ப்பாணத்தை விட்டு நடந்த என் தங்கச்சிக்கு ஒருமுறை போட்டுக் காட்டினேன். அவளுக்கு இசை ஒன்றும் பிடிக்கவில்லை. "எந்த ரோட்டால போறதெண்டு யோசிக்கிறார் போல" என்றாள். இரண்டாவது பக்கத்தையும் போடச் சொன்னாள்.

கடைசியாக, ஊரில் பெட்டகத்துக்குள் தாத்தாவின் 78 தட்டுகள் வைத்திருக்கிற ஆக்களுக்கு ஒரு வார்த்தை. எல்பி ஊசியில் போடாதீர்கள், 78 இன் பள்ளம் அகலம், அதற்கென்று தடித்த ஊசி தனியாக விற்கிறது. படுக்கப்போட்டு அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள். தூசி என்று ஸ்பிரிட் போட்டு மட்டும் துடைக்க வேண்டாம், அரக்கு கரைந்து பாட்டும் சேர்ந்து போய்விடும்.