விட்டுப்போன இரண்டு வசனங்கள்

வார்டில் ஒரு நோயாளி அம்மாவுக்குப் பைபிளின் 91-ஆம் சங்கீதத்தை வாசித்துக்கொண்டிருந்தபோது, ஆறாம் வசனத்திலிருந்து ஒன்பதாம் வசனத்துக்குத் தாவினேன். கண் தவறி அல்ல, தெரிந்தேதான்.

"உன் பக்கத்தில் ஆயிரம்பேரும், உன் வலதுபுறத்தில் பதினாயிரம்பேரும் விழுந்தாலும், அது உன்னை அணுகாது." இரவு இரண்டரை மணிக்கு அங்கே இதை எப்படி வாசிப்பது? அந்த அம்மாவின் வலதுபுறக் கட்டிலில் ஒருவர் இறந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் அவருடைய மகன் தட்டு, டம்ளர், போர்வை எல்லாவற்றையும் பைக்குள் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். எட்டாம் வசனம் இன்னும் கொடுமை. துன்மார்க்கருக்கு வரும் பலனைக் கண்ணால் காண்பாயாம்.

சீக்கிரம் பதினைந்தாம் வசனத்துக்குப் போய்விட வேண்டும் என்று நினைத்தேன். "ஆபத்தில் நானே அவனோடிருந்து" என்ற அந்த வரியை எந்தக் கட்டிலருகிலும் வாசிக்கலாம்.

அம்மா கண்ணைத் திறக்கவில்லை. "ஏழாம் வசனத்தை விட்டுவிட்டீர்களே, சிஸ்டர்" என்றார். பிறகு ஏழையும் எட்டையும் அவரே சொன்னார். காது மந்தமானவர்களின் உரத்த குரல். ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்தது, ஒரு சொல் பிசகவில்லை. திரைக்கு அப்பால் பையின் சரசரப்பு நின்றுவிட்டது.

அவர்மீது எனக்குக் கோபம் வந்தது. விடிந்தால் அறுவை சிகிச்சைக்குப் போகிறவர், பயந்து கிடக்கிறவர், அந்த வரியைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் உறைத்தது. அவருக்கு வேண்டியதை நான் ஒளித்து வைத்திருக்கிறேன். ஆனால் அதை வாசித்திருந்தால் திரைக்கு அப்பால் நின்றவருக்கு யார் பதில் சொல்வது?

இதே 91-ஆம் சங்கீதத்தைத்தான் சாத்தானும் தேவாலயத்து உப்பரிகையில் நின்று இயேசுவிடம் சொல்கிறான். மத்தேயு நான்காம் அதிகாரத்தில் இருக்கிறது. கீழே குதி, தூதர்கள் கைகளில் ஏந்திக்கொள்வார்கள் என்று சொல்கிறவன், "உன் வழிகளிலெல்லாம்" என்ற சொற்களை விட்டுவிடுகிறான். வேதத்தில் தனக்கு வசதியில்லாததை விட்டுவிட்டு வாசித்தவன் அவன். அந்த இரவுக்குப் பிறகு அந்தப் பகுதியை என்னால் நிம்மதியாகப் படிக்க முடிவதில்லை. அவன் விழவைக்கப் பார்த்தான், நான் ஒருவரை நோகடிக்காமல் இருக்கப் பார்த்தேன், இரண்டும் ஒன்றா என்று எனக்கு நானே வாதாடிக்கொள்கிறேன். வாதம் சில நாள் எடுபடுகிறது.

காசுக்கு இரண்டாக விற்கும் அடைக்கலான் குருவிகளைப் பற்றி இயேசு சொன்னதை அந்த அம்மாவுக்கு வாசித்திருக்கலாமோ? பிதாவின் சித்தமில்லாமல் ஒன்றும் தரையில் விழாது என்கிறார். விழவே விழாது என்று சொல்லவில்லை. பெயரிலேயே அடைக்கலம் வைத்திருக்கும் குருவியும் விழத்தான் செய்கிறது. ஆனால் அறுவை சிகிச்சைக்கு முந்தின இரவில் இந்த விளக்கம் யாருக்கு வேண்டும்? பேசாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதுமாக இருந்திருக்கும்.

நான்கு மணி வாக்கில் அந்த மகன் எங்கள் மேசைக்கு வந்து தாள்களில் கையெழுத்துப் போட்டார். நெற்றியில் திருநீறு பாதி அழிந்திருந்தது. பேனாவைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

"சிஸ்டர், அந்தம்மா சத்தமாகச் சொன்னார்களே, அது எதில் வருகிறது?"

"சங்கீதம் 91."

"எத்தனையாவது வரி?"

"பதினைந்து" என்றேன்.

மருந்துக்கடை ரசீதின் பின்பக்கம் எழுதி, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.