இரண்டு அரை மணி நேரம்

இன்று காலை டர்பனின் சாட்ஸ்வர்த் பேருந்தில் ஓர் இளம் தாய். மடியில் சாப்பாட்டுப் பை. உள்ளே பால் பம்பும் ஐஸ் கட்டியும்.

வேலைக்குப் போகும் தாய் இந்தக் காலத்துப் பழக்கம் என்று இன்னும் சொல்கிறார்கள்.

1860 முதல் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு வந்த நம் பாட்டிமார் ஒப்பந்தக் கூலிகள். முதலாண்டில் ஆணுக்கு மாதம் 10 ஷில்லிங், பெண்ணுக்கு அதில் பாதி.

ஒப்பந்தம் முடிந்தும் இங்கேயே சுதந்திரமாக வாழ ஆண்டுக்கு 3 பவுண்டு, அதாவது 60 ஷில்லிங், வரி என்றது 1895 சட்டம். பெண்ணுக்கும் அதே 3 பவுண்டு! மாதம் 5 ஷில்லிங் கூலியில் அது முழு வருட உழைப்பு.

1913இல் அந்த வரியை எதிர்த்து, நேட்டாலின் நியூகாசில் சுரங்கத் தொழிலாளரை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தவர்கள் பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், பலர் கைக்குழந்தையோடு. சிறை போனார்கள். 1914இல் வரி ஒழிந்தது. பிள்ளை வளரட்டும், பிறகு கேட்கலாம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்வரை, தினம் இரண்டு முறை 30 நிமிடம் பால் கொடுக்கவோ கறக்கவோ இடைவேளை வேண்டும் என்கிறது இந்நாட்டுக் கர்ப்பகால நெறிமுறை. நான்கு மாத விடுப்பு போக மிஞ்சுவது கொஞ்ச காலமே. அதனால் விடுப்புக்குப் போகுமுன்பே எழுத்தில் கேளுங்கள். பூட்டக்கூடிய அறை வேண்டும், கழிவறை வேண்டாம்.

நேரம் தவறினால் பால் கட்டிக் காய்ச்சல் வரலாம், சுரப்பும் குறையலாம். கறந்த பால் வெளியில் 4 மணி நேரம், ஃபிரிஜ்ஜில் 4 நாள். டர்பன் கோடையில் அந்த 4 மணி நேரத்தையும் நம்பாதீர்கள், உடனே ஐஸ் பையில் வையுங்கள்.