வசனத்தை அணைத்துவிட்டு ஆர்.ஆர். கேட்கிறோம்

சினிமாப் பாட்டு கேட்கிறவர்களுக்கு எந்த ஊரிலும் பஞ்சம் இல்லை. படத்தின் ஆர்.ஆரை, அதாவது ரீ-ரெக்கார்டிங் என்கிற பின்னணி இசையை, மட்டும் தனியாகப் பிரித்து எடுத்துக் கேட்டு, அதற்காகச் சண்டையும் போடுகிற கூட்டம் தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் எங்களைத் தவிர வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், சேர்த்துக்கொள்கிறோம். நான் தருமபுரி. பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், தினமும் ரயிலில் ஓசூருக்கு ஷிப்ட் வேலைக்குப் போகும் தம்பி ஒருவன், கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லித்தரும் அக்கா ஒருவர். காவேரிப்பட்டணத்து நண்பர் வீட்டில் ஐந்து ஸ்பீக்கரும் அடித்தொனிக்கென்றே ஒரு சப்-வூஃபரும் இருப்பதால் ஞாயிற்றுக்கிழமை ஜமா அங்கேதான். நிப்பட்டு அவர் செலவு.

ஆரம்பத்தில் எங்கள் பேச்சு உருப்படியாக இல்லை. 'மிரட்டிட்டான்', 'புல்லரிச்சுப் போச்சு', 'வெறித்தனம்' என்பதைத் தாண்டி யாருக்கும் வாய் வரவில்லை. மண்டி அண்ணன்தான் ஒரு நாள் கடுப்பாகிச் சொன்னார்: "நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னா என்னாத்த வச்சு ஏலம் கேக்கறது? எங்க எடுத்தான், எங்க விட்டான், அதச் சொல்லுங்கடா." அன்றிலிருந்து ஒரு நோட்டு போட்டோம். இசை எந்த நிமிடத்தில் உள்ளே வருகிறது, எந்த நிமிடத்தில் வெளியே போகிறது, முன்னால் நிற்கும் வாத்தியம் எது, அப்போது திரையில் என்ன நடக்கிறது. இவ்வளவுதான் எழுத வேண்டும். 'அருமை' என்று எழுதினால் அடுத்த வார டீச்செலவு அவர்கள் தலையில்.

பிரித்து எடுப்பது எப்படி என்று பலர் கேட்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 5.1 ஒலித்தடம் உள்ள டிஸ்க் கையில் இருந்தால் வேலை சுலபம். அந்தக் கலவையில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கான தடத்தில்தான் இருக்கும். ஆடாசிட்டி மென்பொருளில் எஃப்எஃப்எம்பெக் என்ற துணை நிரலைச் சேர்த்து ஒலியைத் திறந்தால் ஆறு தடமும் தனித்தனியாக விரியும். இடது, வலது, நடு, அடித்தொனி, பின்பக்கம் இரண்டு. மூன்றாவதை மியூட் செய்துவிட்டால் ஆள் பேச்சு போய்விடும். இசையும் சுற்றுப்புறச் சத்தமும் நிற்கும். இசையிலும் கொஞ்சம் நடுவில் கசிந்திருக்கும் என்பதால் சில இடங்களில் மெலிந்து கேட்கும். அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

பழைய மோனோ படங்களுக்கு இது செல்லாது. எல்லாமே ஒரே தடம். அதற்கு டெமுக்ஸ் போன்ற பிரிப்பான்கள்தான் வழி. குரல், டிரம்ஸ், பேஸ், மற்றவை என்று நான்காகப் பிரித்துக் கொடுக்கும். இது பாட்டுக்காகச் செய்யப்பட்டது. படத்தைக் கொடுத்தால் திணறும். கதவைத் தட்டினால் அந்தச் சத்தம் டிரம்ஸ் பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறது. மழை பெய்தால் எல்லாவற்றிலும் ஈரம். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் ஒரு படத்தைப் போட்டுவிட்டுப் படுத்தால் காலையில்தான் பார்க்கலாம். அப்படியும் வயலின்கள் நன்றாகவே பிரிந்து வருகின்றன.

இனி நோட்டில் இருப்பவை.

முதலில் எடுத்துக்கொண்டது 1987-இல் வந்த 'பேசும் படம்'. வசனமே கிடையாது என்பதால் எதையும் பிரிக்க வேண்டிய வேலை இல்லை; சோம்பேறித்தனத்துக்கு ஏற்ற தேர்வு. சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கம், எல். வைத்தியநாதன் இசை. 'மால்குடி டேஸ்' தொடரின் அந்தத் 'தானன தனன' முகப்பிசையும் இவர் செய்ததுதான் என்று அக்கா சொன்னதும், அதுவரை பேரையே கேள்விப்படாத தம்பிகூட நிமிர்ந்து உட்கார்ந்தான். வசனம் இல்லாத படம் என்றால் முழுக்க இசையை ஊற்றி நிரப்பியிருப்பார்கள் என்று நினைத்துத்தான் பேனாவைத் திறந்தோம். அப்படி இல்லை. தெருச் சத்தம், குழாய்ச் சத்தம், கதவு, செருப்பு எல்லாவற்றுக்கும் இடம் விட்டிருக்கிறார். நாயகன் குடியிருக்கும் இடம் சினிமா கொட்டகைக்குப் பக்கத்தில். பெரிய ஓட்டலுக்குப் போய் மெத்தையில் படுத்தால் அந்த அமைதியில் தூக்கம் வரவில்லை. பழைய இடத்துக்குத் திரும்பிப்போய்ச் சண்டைக் காட்சிச் சத்தத்தை டேப்பில் பதிவு செய்துகொண்டு வந்து, அதைப் போட்டுவிட்டுத் தூங்குகிறான். கண்ணை மூடிக்கொண்டு இந்தப் பகுதியைக் கேட்டோம். படம் தெரியாமலே சிரிப்பு வந்தது. அந்த நகைச்சுவை முழுக்கக் காதில்தான் இருக்கிறது. அங்கே வாத்தியம் வந்து 'இது சிரிப்பு' என்று சொல்லியிருந்தால் கெட்டிருக்கும்.

அடுத்தது தம்பியின் பிடிவாதம்: 'இன்டர்ஸ்டெல்லர்' (2014), ஹான்ஸ் சிம்மர். அவன் இதை ரயிலில் இயர்போனில் கேட்டே தேய்த்தவன். இதில் ஆர்கன்தான் முதுகெலும்பு, லண்டன் டெம்பிள் சர்ச்சில் பதிவு செய்தது. படத்தின் கதையையே சொல்லாமல், அப்பாவும் பிள்ளையும் என்ற அளவில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்து இசை கேட்டார் இயக்குநர் நோலன் என்பது தெரிந்த கதை. தம்பி கொண்டுவந்த விவகாரம் வேறு. தண்ணீர் கிரகத்துக் காட்சியில் கடிகாரம் மாதிரி ஒரு டிக் ஓடுகிறது. ஒவ்வொரு டிக்கும் பூமியில் ஒரு நாள் என்று உலகம் முழுக்க ரசிகர்கள் சொல்கிறார்கள், அவனும் சத்தியம் செய்கிறான்.

சரி, கணக்குப் போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தோம். டிக்குகளுக்கு நடுவே சுமார் 1.25 வினாடி. அதாவது நிமிடத்துக்கு 48. அந்தக் கிரகத்தில் ஒரு மணி நேரம், பூமியில் ஏழு ஆண்டு. ஏழு ஆண்டு என்பது 61,320 மணி. 3,600-ஆல் வகுத்தால் ஒரு வினாடிக்கு 17 மணி. 1.25-ஆல் பெருக்கினால் 21 மணிச் சொச்சம். "மூணு மணி நேரம் எடைக்குறைவு" என்றார் மண்டி அண்ணன். "ணா, அவ்ளோ கிட்ட வந்துச்சே, அதப் பாருணா" என்று தம்பி கெஞ்சினான். என் கட்சி இதுதான்: அந்த டிக் சரியாக ஒரு நாளா இல்லையா என்பதில் ஒன்றும் இல்லை. அது காட்சி முழுக்க வேகம் மாறாமல் ஓடுகிறது, மேலே தந்திகள் எவ்வளவு பதறினாலும் கீழே அது பதறவில்லை. பயம் அங்கிருந்துதான் வருகிறது. அக்கா கீபோர்டில் அதே மெட்டுக்கு டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக வேகப்படுத்தி வாசித்துக் காட்டினார். உடனே அது சாதாரண சேஸிங் காட்சி ஆகிவிட்டது.

இந்தப் படத்துக்கு இன்னொரு சோதனையும் நடந்தது, திட்டமிடாமலே. தருமபுரியில் ஏறி ராயக்கோட்டை தாண்டும் வரை ரயிலில் சாதாரண இயர்போனில் கேட்டுப் பார்த்தேன். ஆர்கனின் அடித்தொனி முழுவதையும் சக்கரச் சத்தம் தின்றுவிடுகிறது. மிஞ்சுவது மேல் சுருதியில் ஒரு கோடு. காவேரிப்பட்டணத்தில் தரை அதிர்ந்த இடம் ரயிலில் இருந்த சுவடே தெரியவில்லை. இப்போது தமிழில் வரும் பல மாஸ் படங்களின் பி.ஜி.எம்.மும் இப்படித்தான் போகிறது: சப்-வூஃபரை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது நாயகன் நடக்கிற சத்தம். தியேட்டருக்காகச் செய்தது தியேட்டரில்தான் கேட்க வேண்டும் என்பது தம்பியின் வாதம், நியாயமும்தான். ஆனாலும் மெட்டு என்று ஒன்று உள்ளே இருந்தால் மூன்று ரூபாய் ஸ்பீக்கரிலும் எட்டிப்பார்க்கும் என்பதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

'ஜாஸ்' (1975) பற்றி நிறைய எழுதப் போவதில்லை. சுறா வருகிறது என்று சொல்லும் ஜான் வில்லியம்ஸின் அந்த இரண்டு சுரத்தைத் தெரியாதவர் இல்லை. பியானோவில் முதன்முதலில் வாசித்துக் காட்டியபோது இயக்குநர் ஸ்பீல்பெர்க் அதை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாராம். எங்கள் நோட்டில் இதற்கு உள்ள முக்கியமான பதிவு, இசை வராத இடம். இரண்டு பையன்கள் போலிச் சுறாத் துடுப்பை வைத்துக்கொண்டு கடற்கரையையே கலவரப்படுத்துவார்கள். அங்கே அந்த இரண்டு சுரம் வராது. மீன் இல்லை என்பதைப் படம் காட்டுவதற்கு முன்பே இசை ஒதுங்கி நின்று சொல்லிவிடுகிறது. அதைக் கவனிக்காமல் நாமும் பயந்து ஓடுகிறோம். மண்டி அண்ணன் ஆங்கிலப் படம் பார்ப்பவர் இல்லை, இந்த ஒரு விஷயத்துக்காக மறுபடி போடச் சொன்னார்.

அதற்கு அடுத்த வாரம் பென்னாகரம் பக்கம் பாரதக் கூத்து. போனேன். நோட்டு பையிலேயே இருந்ததால், விடிய விடிய அதே வேலையைச் செய்தேன். வேஷம் கட்டியவர் திரைக்குப் பின்னால் நின்று திரை விருத்தம் பாடுகிறார், ஆள் தெரிவதற்கு முன் குரலும் முகவீணை என்கிற குட்டி நாயனமும் ஆளைக் கொண்டுவந்து விடுகின்றன. திரை விலகியதும் மிருதங்கம் பிடிக்கிறது. கட்டியங்காரன் பேச ஆரம்பித்தால் முகவீணைக்காரர் வாத்தியத்தை மடியில் சாய்த்துக்கொண்டு வெற்றிலை போடுகிறார். பாடுகிறவர் அடியை முடிக்கும் நேரத்தில் சரியாக வாய்க்குப் போகிறது முகவீணை. வெற்றிலை எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அவருக்கு யாரும் நேரம் குறித்துக் கொடுக்கவில்லை. நாயகன் அறிமுகத்துக்கு முன் இசையை முதலில் அனுப்புவதை ஏதோ புதுக் கண்டுபிடிப்பு மாதிரி பேசுகிறவர்களை ஒரு இரவு இங்கே அழைத்து வரலாம்.

கடைசியாக எங்களை உலுக்கியது 'வீடு' (1988). பாலு மகேந்திராவின் படம், பாட்டுகள் இல்லை. இதன் பின்னணியில் வருவது இளையராஜா 1986-இல் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' ஆல்பத்தின் இசை. அதாவது இந்தப் படத்துக்காக எழுதப்பட்டதே இல்லை. காட்சியைப் பார்த்து, அளவெடுத்து, பிரேமுக்கு பிரேம் தைத்தால்தான் நல்ல ஆர்.ஆர். என்று நாங்கள் ஒரு முடிவுக்கு வந்திருந்த நேரம். இளையராஜா ரீலைப் பார்த்துவிட்டு உடனே நொட்டேஷன் எழுதுவதை வைத்துத்தான் அந்த முடிவே வந்தது. அவர் இசையே அதை உடைத்தது.

முதலில் ஆல்பத்தைத் தனியாகக் கேட்டோம். நம் ராகமும் பாஹ் காலத்து மேற்கத்திய முறையும் பேசிக்கொள்கிற வயலின்கள். ஒரு கட்டடமோ சிமெண்ட் மூட்டையோ நினைவுக்கு வரவில்லை. அப்புறம் படம். சொக்கலிங்க பாகவதர் நடித்த தாத்தா, பாதி எழும்பிய வீட்டைப் பார்க்க வருகிறார். சுவரைத் தொடுகிறார். வசனம் இல்லை. அந்த வயலின்கள் வருகின்றன. எங்கள் ஜமாவில் யாரும் பேனாவை எடுக்கவில்லை. நேரம் குறிக்கப்படாத ஒரே பக்கம் நோட்டில் இதுதான்.

பிறகுதான் சண்டை. இங்கே பெயர் யாருக்குச் சேர வேண்டும்? இசை இளையராஜாவுடையது, சரி. ஆனால் அதை அந்த இடத்தில் எடுத்து அந்த இடத்தில் விட்டது இயக்குநர். இயக்குநர் செர்ஜியோ லியோனியும் இசையமைப்பாளர் என்னியோ மோரிக்கோனியும் 'ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் தி வெஸ்ட்' (1968) படத்தில் இதைத் தலைகீழாகவே செய்தார்கள்: இசையை முன்பே எழுதி, படப்பிடிப்பில் ஒலிக்கவிட்டு, அதற்கேற்ப நடிகர்கள் நடந்தார்கள். அங்கே இயக்குநர் இசைக்குப் படம் பிடித்தார். அப்படியென்றால் 'எங்க எடுத்தான், எங்க விட்டான்' என்ற எங்கள் கேள்வியில் அந்த 'அவன்' யார்? இசையமைப்பாளர் என்று எடுத்துக்கொண்டுதான் இத்தனை பக்கம் நிரப்பியிருக்கிறோம். எடிட்டர், ஒலிக்கலவை செய்பவர், இயக்குநர் எல்லாரும் அதில் கை வைத்திருப்பார்கள். நோட்டில் இப்போது 'யார் முடிவு?' என்று ஒரு கட்டம் கூடியிருக்கிறது. பாதிக்கு மேல் கேள்விக்குறிதான்.

அக்கா இதை ஒத்துக்கொள்ளவில்லை. இசை தனியாகக் கேட்டாலும் நிற்க வேண்டும், அவ்வளவுதான் என்கிறார். "தாத்தா வராட்டியும் அந்த வயலின் வயலின்தான் தம்பி." தனியாக நிற்கிற இசை காட்சிக்குள் துருத்திக்கொண்டும் நிற்கலாமே என்று நான் கேட்டதற்கு, கீபோர்டில் 'மால்குடி டேஸ்' முகப்பை வாசித்து வாயடைத்துவிட்டார். அது துருத்தவும் இல்லை, படமில்லாமல் நிற்கவும் செய்கிறது. பதில் வரவில்லை எனக்கு.

அடுத்த ஞாயிறு 'ஆரண்ய காண்டம்' போடுவதா, 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' போடுவதா என்று ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டிலும் பாட்டு கிடையாது, முன்னது யுவன், பின்னது அவர் அப்பா இளையராஜா. தம்பி யுவனுக்கு, அக்கா இளையராஜாவுக்கு, காவேரிப்பட்டணத்துக்காரர் எதில் சப்-வூஃபருக்கு வேலை அதிகமோ அதற்கு. மண்டி அண்ணன் ஓட்டு இன்னும் விழவில்லை. தக்காளி விலை ஏறியிருப்பதால் ஞாயிற்றுக்கிழமையும் ஆள் மண்டியில்தான்.